கேட்டைத் திறக்காதீங்க

மே 19, திங்கள்

வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறது. பரவை மார்க்கெட் பக்கம் லாரிகளுக்கு நடுவே ஆபீஸ் வேன் மாட்டிக்கொண்டு, வீடு சேரத் தாமதம். குளியல், இரண்டு இட்லி, ஜன்னல் திரை, படுக்கை. ராத்திரி முழுக்க அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குப் பகல்தான் ராத்திரி. இந்தக் காலனியில் இது யாருக்கும் புரிவதில்லை. விற்க வருகிறவர்களுக்குச் சுத்தமாகப் புரிவதில்லை.

இன்று பெல் அடித்தவர்கள்:

மெத்தை. பழசைக் கொடுத்தால் புதுசாம். பழசில்தான் படுத்திருந்தேன், எழுப்பிவிட்டான்.

கேஸ் கம்பெனி செக்கிங். எந்தக் கம்பெனி என்றால் “எல்லாக் கம்பெனியும்தான் மேடம்.”

ஊதுபத்தி, அநாதை இல்லத்தின் பெயரைச் சொல்லி. இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேற்கே கை காட்டுகிறான்.

டை கட்டிய இரண்டு பேர். “குலுக்கல்ல உங்க வீட்டு நம்பர் விழுந்திருக்கு மேடம்.” எங்கள் வீட்டுக்கு நம்பரே இன்னும் போடவில்லை.

கடைசி ஆட்களிடம் நான் பேசியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மே 20, செவ்வாய்

கேட்டில் போர்டு. நானே மார்க்கர் பேனாவால் எழுதி, கம்பியில் கட்டினேன். ‘விற்பனைக்கு வருபவர்கள் பெல் அடிக்கக் கூடாது. இரவுப் பணி செய்பவர் தூங்குகிறார்.’

பதினோரு மணிக்குப் பெல். ஒருவன் போர்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிக்கிறான்.

“படிக்கத் தெரியும்ல?”

“நாங்க விக்க வரல மேடம். அவேர்னஸ்தான் பண்றோம்.”

என்ன அவேர்னஸ் என்று நான் கேட்கவில்லை. கதவை அறைந்ததில் சாவிக்கொத்து கீழே விழுந்தது. அதன் பிறகு தூக்கம் இல்லை. தலைவலி மாத்திரை. சாயங்காலம் வேனில் சாய்ந்தபடியே வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன், பக்கத்து சீட் பெண் சிரிக்கிறாள்.

மே 21, புதன்

அத்தையுடன் சண்டை.

என் வீட்டுக்காரர் சவூதி போனதிலிருந்து இந்த வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும். அத்தைக்குப் பெல் சத்தம் கேட்டால் போதும். போய்க் கேட்டைத் திறந்து, எந்த ஊரு, கல்யாணம் ஆயிருச்சா, சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவன் ஒட்டிக்கொள்வான். பிறகு அவனை விரட்ட நான் எழுந்து வர வேண்டும். இன்று சேலை விற்கிறவள் ஹாலில் முழு மூட்டையையும் அவிழ்த்துப் பரப்பிவிட்டாள். ஒன்றும் வாங்கவில்லை என்றதும் அவள் பேசிய பேச்சு!

“இனிமே யாருக்கும் கேட்டைத் திறக்காதீங்கத்தே. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“நீ பகல்ல தூங்குற. ராத்திரி போயிர்ற. நான் யார்கிட்ட பேசுறது செல்வி? செவத்துகிட்டயா?”

“டி.வி. பாருங்க.”

“அது நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுமா?”

பேசியிருக்கலாம். தூக்கக் கிறுக்கில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 22, வியாழன்

அற்புதமான நாள். ஒரு பெல் கூட இல்லை. இரண்டு மணி வரை அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். எழுந்தபோது உடம்பே லேசாக இருந்தது. போர்டு வேலை செய்கிறது!

அத்தை மாமாவின் போட்டோவுக்குப் புது மாலை போட்டு, அதன் கீழேயே தரையில் உட்கார்ந்திருந்தார். ரசம் வைத்திருந்தார், உப்பு இல்லை. என்னத்தே என்றேன். “ஒண்ணுமில்ல, வெக்கையா இருக்கு.” நேற்றுக் கோபம் போலிருக்கிறது. மெனக்கெடவில்லை.

மே 23, வெள்ளி

மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவருக்குப் போன் (மறக்காமல்).

படுக்கைக்குப் பக்கத்தில் கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்று. அத்தை வாங்கி வைத்திருக்கிறார். வெயிலுக்கு இதமாக இருந்தது, முழுசாகக் குடித்தேன். கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம்.

சமையலறையில் மண்பானை கவிழ்த்துக் கிடக்கிறது. கேட்டால் “நாத்தம் அடிக்குது” என்கிறார். நாங்கள் எப்போதும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, அந்தப் பானையில் ஊற்றித்தான் குடிப்போம்.

வேன் ஏறும்போது அத்தை கேட்டுவரை வந்து, “ஆபீஸ்லயே வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வந்திரு” என்றார். சரி என்றேன்.

மே 24, சனி

பெல் இரண்டு. கொசுவலை. ‘வாஸ்து பார்க்கணுமா?’ இரண்டாவது ஆள் கேட்டின் இடுக்கில் செருப்புக் காலை நுழைத்துக்கொண்டு பேசுகிறான். கேட்டை மூடினேன். ‘ஆ’ என்றான். சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூச்சமில்லை, இதை யார் படிக்கப் போகிறார்கள்.

அத்தை சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுகிறார். உதடு வெடித்திருக்கிறது. மோர் கொடுத்தால் “தண்ணி ஊத்துனியா?” என்று கேட்டுவிட்டுத் தள்ளி வைக்கிறார். பல்வலியோ என்னவோ. திங்கட்கிழமை பல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மே 26, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் படுத்துக் கண் அயர்ந்த நேரம். பெல். விடாமல் பெல். யாராக இருந்தாலும் இன்றைக்குச் செருப்பால் அடிக்காமல் விடுவதில்லை என்று எழுந்து போனேன். செருப்பு கையில்தான் இருந்தது. கேட்டில் ஜன்னத் அக்கா, எதிர் வீடு. தலையில் முக்காடு கூட இல்லாமல்.

“செல்வி, ஓடி வா! உங்க அத்தை விழுந்துட்டாங்க!”

காய்கறி வண்டிப் பக்கத்தில், தார் ரோட்டில், ஒருக்களித்து. நெற்றியில் சிராய்ப்பு. கண் செருகியிருந்தது. ஜ. அக்காவின் வீட்டுக்காரர் சிம்மக்கல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்படியே ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அக்காதான் ஈரத் துணியால் அத்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

டிரிப்ஸ் ஏறுகிறது. டாக்டர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தண்ணியே குடிக்கலையா இவங்க?”

“குடிப்பாங்களே டாக்டர்.”

“நாக்கைப் பாத்தீங்களா? உடம்புல நீர்ச்சத்தே வத்திக் கிடக்கு. கிட்னி ரிசல்ட் லேசா ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெரிய சிக்கல். இந்த வெயில்ல தண்ணி குடிக்காம யாராச்சும் இருப்பாங்களா?”

எனக்கு எதுவும் விளங்கவில்லை.

மே 27, செவ்வாய்

லீவு சொல்லியாயிற்று.

அத்தை இன்று காலை நன்றாகப் பேசினார். நர்ஸ் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது எந்தத் தண்ணி?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதலில் சொல்லவில்லை.

“சொன்னா நீ வைவ.”

“வைய மாட்டேன். சொல்லுங்க.”

வியாழக்கிழமை. நான் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிய அதே வியாழக்கிழமை. பெல் சத்தத்தில் நான் எழுந்துவிடக் கூடாதே என்று அத்தை காலையிலிருந்து கேட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். போர்டாவது மண்ணாவது.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிறவன் வந்திருக்கிறான். நீலச் சட்டை, டை, கழுத்தில் கார்டு. வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அத்தை பானைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்து ஊரும் பேரும் பேசிவிட்டு, சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்திருக்கிறான்.

“ஐயா எதுல தவறுனாங்கம்மா?”

“கிட்னி. ரெண்டு வருசம் டயாலிசிஸ் பண்ணி, அதுலதான் போனாரு.”

உடனே பையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர், கம்பி வைத்த ஒரு மூடி. ஒன்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டில் தண்ணீர். பிளக்கைச் சொருகியதும் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, சாக்கடை மாதிரி அடியில் கசடு. அவன் தண்ணீர் அப்படியே தெளிவாக.

“இதத்தான்மா நீங்க ஐயாவுக்கு டெய்லி குடுத்திருக்கீங்க. கிட்னி எப்படித் தாங்கும்?”

இதைச் சொல்லும்போது அத்தையின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“நாந்தான செல்வி மோந்து மோந்து குடுத்தேன். டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததும் நாக்கு வறண்டு கெஞ்சுவாரு. டாக்டர் கொஞ்சமாத்தான் குடுக்கச் சொன்னாங்க. மனசு கேக்காம நாந்தான் இன்னும் ஒரு வாய் ஒரு வாய்னு குடுத்தேன். அம்புட்டும் அந்தப் பானைத் தண்ணி.”

“அப்ப எனக்கு வாங்கி வச்ச கடைத் தண்ணி?”

“நீ குடிக்கணும்ல. ராத்திரியெல்லாம் முழிக்கிற பிள்ள.”

“நீங்க?”

“எனக்கு வயசாயிருச்சு. பால்லயே காப்பி போட்டுக் குடிக்கிறேன்ல, போதும்.”

அப்புறம் நான் கேட்டேன். “அவனுக்குப் பானைத் தண்ணி குடுத்தீங்களே, குடிச்சானா?”

“முழுச் செம்பும் குடிச்சான்.”

“அப்ப அவன் கிட்னி என்னாகும்?”

அத்தை யோசித்தார். “அவன் வயசுப் பய. தாங்கிருவான்.”

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் மிஞ்சியது கொலைவெறிதான்.

மே 28, புதன்

டிஸ்சார்ஜ். டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரே கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். “உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரையாலதான் கிட்னி போச்சு, பழைய ஃபைல்ல இருக்கு. தண்ணியால இல்ல. இப்ப தண்ணி குடிக்காம இருக்கீங்களே, இதுதான் கிட்னிக்குக் கெடுதல்.” அத்தை தலையாட்டினார். நர்ஸ் கொடுத்த தண்ணீரை இரண்டு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தார்.

வீட்டில் மாமா போட்டோவுக்குப் பின்னால் அவனுடைய கார்டைச் செருகி வைத்திருந்தார். பெயர் பிரவீன். ‘குடிநீர் ஆலோசகர்.’ ஆலோசகராம், கட்டையில போறவன்.

போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விஷயம் இவ்வளவுதான்: அந்தக் கம்பி இரும்பு. கரண்டு பாய்ந்ததும் கம்பிதான் கரைந்து துருவாகிறது. தண்ணீரில் இருக்கும் சாதாரண உப்புதான் கரண்டைக் கடத்துகிறது. மெஷின் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்டு பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அழுக்கெல்லாம் அவன் கொண்டுவந்த கம்பியிலிருந்துதான்.

கார்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். குரலில் தேனைத் தடவிக்கொண்டு. “சார், எங்க அத்தை சொன்னாங்க. மெஷின் எடுத்துக்கலாம்னு இருக்கோம். நானும் ஒருக்கா டெமோ பாக்கணும்.”

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கெல்லாம் வந்துர்றேன் மேடம்!”

வாடா.

மே 29, வியாழன்

காற்றே இல்லை. வேப்ப மரம் ஆடவில்லை.

வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். “அம்மா எப்படி இருக்காங்க மேடம்?” என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்டூலைக் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே போட்டு, எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வைத்திருந்தேன்.

“உள்ள வச்சுப் பாக்கலாமே மேடம்?”

“எல்லாரும் பாக்கட்டும். அவங்களும் வாங்குவாங்கள்ல.”

அவனுக்கு ஒரே குஷி. ஜ. அக்கா, இஸ்திரிக்கடைக்காரர், பின்தெருப் பெண்கள் சிலர். இரண்டு டம்ளரையும் வைத்து வித்தையைக் காட்டினான். எங்கள் தண்ணீர் பழுப்பு. அவனுடையது பளிங்கு.

“பாத்தீங்களா? இதத்தான் டெய்லி…”

“இருங்க” என்றேன். சுத்தமான டம்ளர் ஒன்றில் அவனுடைய பாட்டில் தண்ணீரையே ஊற்றினேன். அவன் கண் முன்னாலேயே ஒரு சிட்டிகைக் கல்லுப்பு போட்டுக் கலக்கினேன். “இப்ப கம்பிய இதுல விடுங்க.”

முகம் மாறியது. “அது ப்ரொசீஜர் இல்ல மேடம்.”

ஜ. அக்கா முன்னால் வந்தார். “என்னத்த ப்ரொசீஜர்? உங்க தண்ணி, எங்க உப்பு. ரெண்டும் நல்லதுதான? விடுப்பா.”

அவன் விடவில்லை. நானே மூடியை எடுத்து வைத்து, சுவிட்சைப் போட்டேன். எங்கள் தண்ணீரை விட மோசமாகக் கருத்தது. நுரை வேறு. இஸ்திரிக்கடைக்காரர் “அட, திருட்டுப்பய மக்கா!” என்றார்.

“கம்பிலருந்து வர்ற துரு. இது உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“ட்ரெய்னிங்ல இப்படித்தான் மேடம் சொல்லிக் குடுத்தாங்க.”

“செத்தவரு போட்டோவக் காட்டி விக்கணும்னும் சொல்லிக் குடுத்தாங்களா?”

குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, “வீட்ல யாருக்கு என்ன சீக்குன்னு மொதல்ல பேச்சுக் குடுத்துக் கேட்டுக்கச் சொல்வாங்க” என்றான்.

சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! உட்கார்ந்து, ஏ.சி. ரூமில், போர்டில் எழுதிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நான் கத்தினேன். எங்க அத்தை ஆஸ்பத்திரியில கிடந்தது, ரோட்டில விழுந்தது, எல்லாவற்றையும் கத்தினேன். அவன் பையைக் கட்டப் போனான். ஜ. அக்கா பையின் மேல் காலை வைத்துக்கொண்டார். “மவுத்தாகிப் போயிருந்தா எவன்டா பதில் சொல்றது?” சட்டை தொப்பலாக நனைந்து நின்றான். டார்கெட், வேலை போயிரும் என்று ஏதோ முனகினான். எனக்குப் பாவமாக இல்லை. இப்போதும் இல்லை.

அப்போது அத்தை வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சோடு. எல்லாரும் விலகினார்கள். அத்தை அவனைத் திட்டவில்லை.

“எங்க வீட்டுக்காரரு எதுனால செத்தாருப்பா?”

“கிட்னி ஃபெயிலியர்ம்மா.”

“அது எதுனால போச்சு?”

“தெரியாதும்மா.”

“அன்னைக்குத் தெரிஞ்சுச்சே.”

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

“தெரியாதுன்னு சத்தமாச் சொல்லு. நான் குடுத்த தண்ணியால இல்லன்னும் சொல்லு.”

“எனக்குத் தெரியாதும்மா. நீங்க குடுத்த தண்ணியால இல்ல. சும்மா சொன்னேம்மா.”

“சும்மாவா?” என்றார் அத்தை.

அத்தை திரும்பி உள்ளே போய்விட்டார். அக்கா காலை எடுத்தார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டே போனான், ஸ்டார்ட் செய்யக் கூட நிற்கவில்லை.

சாயங்காலம் பானையைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். முதல் டம்ளரை நான் குடித்தேன். அடுத்ததை அத்தைக்கு நீட்டினேன். வாங்கி, ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

“பொய்யின்னு தெரியுது செல்வி. ஆனா இம்புட்டு நாளா உள்ள கிடந்து அறுத்துச்சே. அத எவன் வந்து எடுப்பான்?”

குடித்தார். பாதி.

மே 30, வெள்ளி

கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் போனில். எங்க ஸ்டாஃபைத் தெருவுல வச்சு அவமானப்படுத்திட்டீங்க, கேஸ் போடுவோம். போடுங்க, கோர்ட்டுக்கு இரண்டு டம்ளரும் உப்பும் கொண்டுவருகிறேன் என்றேன். வைத்துவிட்டார்.

சவூதியிலிருந்து அவர் வீடியோ காலில். “நீ வீட்ல இருந்தும் இப்படி ஆயிருச்சே?” நான் ஒன்றும் சொல்வதற்குள் அத்தை போனைப் பிடுங்கினார். “அவ என்னடா செய்வா? அவ உழைக்கிறா, தூங்குறா. நீ அங்கிட்டு இருந்துக்கிட்டு நாட்டாமை பண்ணாத.” முதல் தடவை. இருபது வருஷக் கல்யாணத்தில் முதல் தடவை.

ஷிஃப்ட் மாற்றம் கேட்டு மெயில். கிடைக்காது. கேட்டு வைத்தேன்.

பெல்: ஒன்று. வாட்டர் டேங்க் கழுவுகிறவர்கள். பெல்லை வயரோடு பிடுங்கி எறிந்தேன். நிம்மதி.

ஜூன் 2, திங்கள்

காலையில் மேகம் போட்டுக் கலைந்துவிட்டது, மழை இல்லை. புழுக்கம்.

தூக்கத்தில் தெருவில் ஏதோ பேச்சுச் சத்தம். அத்தையின் குரல் மாதிரி இருந்தது. எழுந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது, நாற்காலியில் ஆள் இல்லை. மறுபடி விழுந்துவிட்டாரோ என்று நைட்டியோடு, துண்டை மேலே போட்டுக்கொண்டு ஓடினேன்.

தெருமுனையில் ஒரு நீலச் சட்டை. வேறு ஆள், அதே டை, அதே பை. ஒரு வீட்டில் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகப் பார்க்கிறான். அவனுக்கு ஒரு வீடு முன்னால் அத்தை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் எங்கள் செம்பு.

“அத்தே! வெயில்ல என்ன பண்றீங்க?”

“நீ போய்ப் படு. நான் வாரேன்.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“தண்ணி குடிக்கச் சொன்னாங்க. குடிச்சிட்டுத்தான் வந்தேன்.” செம்பைத் தூக்கிக் காட்டினார்.

நீலச் சட்டைக்காரன் என்னைப் பார்த்து, “மேடம், இந்தம்மா எங்கள வேலை பாக்க விடமாட்டேங்கிறாங்க” என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டான். அத்தையும் உடனே ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரிக்கு. எனக்கு வேறு வழியில்லை, குடையை வாங்கி அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

மாடி வீடு. அத்தை பெல்லை அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை விடாமல். உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் வந்து, கிரில்லைத் திறக்காமலே சிடுசிடுத்தாள்.

“என்னத்த விக்கிறீங்க? ஒண்ணும் வேணாம், போங்க.”

“விக்க வரலத்தா” என்றார் அத்தை. “சொல்ல வந்தேன்.”